எட்டு நிமிஷத்தில் கர்நாடகா

எங்கள் தெருவில் மூன்று வாரம் கேமரா சண்டை நடந்தது. மத்திகிரியில் எங்கள் தெருவுக்கு மொத்தம் இருபத்திரண்டு வீடுகள், ஒரு சங்கம், ஒரு செயலாளர். செயலாளர் ராஜசேகர் தொழிற்சாலையில் ஷிப்ட் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது தெருவை மேய்க்கிறார். எட்டு கேமரா வாங்குவது, எல்லோர் போனிலும் ஓர் ஆப் போட்டுக்கொள்வது, யார் வீட்டு வாசலை வேண்டுமானாலும் யார் வேண்டுமானாலும் பார்ப்பது என்று தீர்மானம் போட்டார். இருபத்தொரு வீடு கையெழுத்துப் போட்டுவிட்டது. போடாத ஒரு வீடு என்னுடையது.

“ஏனுங்க ஏட்டய்யா, நீங்க போலீஸ்ல இருந்தவரு. நீங்களே கேமரா வேணாம்னா ஊரு என்ன நெனைக்கும்?” என்றார்.

“ஏதோ தெரிஞ்சவன் சொல்றான்னு நெனைக்கட்டுமே.”

“தப்பு பண்ணாதவனுக்கு என்னங்க பயம்?”

“சரிங்க. உங்க போன லாக் எடுத்து, அஞ்சு நிமிஷம் உங்க வீட்டம்மா கைல குடுங்க. இப்பவே கையெழுத்துப் போட்டுர்றேன்.”

மேசை மேல் இருந்த போனை அவர் எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்ட வேகத்தைப் பார்க்க வேண்டுமே. அந்தப் பக்கம் காபியோடு வந்த அவர் மனைவியும் பார்த்துவிட்டார். சாயங்காலம் அந்த வீட்டில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. ஆனால் அன்றிலிருந்து ராஜசேகர் எனக்குக் காபி தருவதில்லை.

வாட்ஸ்அப் குழுவில் “காரணத்தை எழுத்துமூலம் தெரிவிக்கவும்” என்று போட்டார். என் காரணம் அந்தக் குழுவில் அடங்காது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

நான் முப்பத்து மூன்று வருஷம் காவல் துறையில் இருந்தேன். லாரிகளை எண்ணியது, திருவிழாவில் கயிறு பிடித்தது, வயர்லெஸ் அறையில் தூங்காமல் இருப்பதாக நடித்தது எல்லாம் முதல் இருபத்தொரு வருஷம். அதில் எழுத ஒன்றும் இல்லை. தமிழில் வேகமாக டைப் அடிப்பேன் என்ற ஒரே குற்றத்துக்காக, கடைசிப் பன்னிரண்டு வருஷம் மாவட்டத் தொழில்நுட்பப் பிரிவில் உட்கார வைத்தார்கள். அங்கே என் வேலை, ஊரார் போன் யாரிடம் பேசியது, எந்த டவரிலிருந்து பேசியது என்ற பட்டியலை வாங்கிப் படித்து, சுருக்கி எழுதுவது. எஸ்.எஸ்.ஐ.யாக ஓய்வு பெற்றேன். ஊருக்கு மட்டும் நான் இன்றும் ஏட்டய்யாதான்.

அந்த வேலையில் உட்கார்ந்ததும் சொந்தபந்தம் திடீரென்று பாசமாகிவிட்டது. மாப்பிள்ளை பார்த்தவர்கள் ஜாதகத்தை ஜோசியரிடமும் நம்பரை என்னிடமும் கொடுத்தார்கள். என் மைத்துனர் ஒருநாள் ரகசியமாக வந்து, “மாமா, நான் பொண்டாட்டிகிட்ட மிக்ஸி பத்திப் பேசினேன். போனத் தொறந்தா மிக்ஸி வெளம்பரம் வருது. கவர்மெண்டு நம்ம பேச்ச ஒட்டுக் கேக்குதா?” என்றார்.

“மாப்ள, நீயும் தங்கச்சியும் பேசறத ஒருநாள் முழுக்கக் கேக்கணும்னா, எந்த கவர்மெண்டும் அந்த வேலைக்கு ஆள் புடிக்க முடியாது” என்றேன். அவருக்கு நிம்மதியும் வந்தது, கோபமும் வந்தது.

பேச்சைக் கேட்பதில்லை என்பது உண்மைதான். ஆனால் யாரிடம், எப்போது, எவ்வளவு நேரம், எங்கிருந்து என்பது தெரிந்தால் பேச்சைக் கேட்க வேண்டிய அவசியமே பெரும்பாலும் இருக்காது. இதை மைத்துனரிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் போனைக் கிணற்றில் போட்டிருப்பார்.

எங்கள் பிரிவுக்கு இன்ஸ்பெக்டராக வசந்தா மேடம் வந்தார். சேலத்துக்காரர். வெந்நீர் பிளாஸ்க், சிவப்புப் பென்சில், மூக்கு நுனியில் கண்ணாடி. படிவத்தை உட்கார்ந்து படிக்கவே மாட்டார். ஜன்னலோரம் நின்று, முதல் வரியிலிருந்து கடைசி முத்திரை வரை உதடு அசையப் படிப்பார். ஒரு நம்பரின் விவரம் வேண்டுமென்றால் விசாரணை அதிகாரி படிவம் எழுத வேண்டும். குற்ற எண், சட்டப் பிரிவு, நம்பர், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, அந்த நம்பருக்கும் வழக்குக்கும் என்ன சம்பந்தம் என்று ஐந்து கட்டங்கள். அது டி.எஸ்.பி. கையெழுத்தோடு எங்களிடம் வரும். நாங்கள் சரிபார்த்து எஸ்.பி.யின் ஒப்புதல் வாங்கி கம்பெனிக்கு அனுப்புவோம்.

மற்றவர்கள் “இந்த நம்பர் என்ன?” என்று கேட்பார்கள். மேடம் “இந்த ஆள் யாரு?” என்று கேட்பார். சொல்லத் தெரியாவிட்டால் படிவம் திரும்பிப் போகும். ஆறு மாதம் என்று எழுதியிருந்தால் சிவப்புப் பென்சிலால் அடித்து மூன்று நாள் என்று போடுவார். “திருட்டு நடந்தது செவ்வாக்கெழம. தீபாவளிக்கு அவன் யாருக்கு வாழ்த்து சொன்னான்னு உங்களுக்கு எதுக்கு?” என்பார்.

ஒருமுறை பெரிய மனிதர் ஒருவர், பெயர் வேண்டாம், வெள்ளைச் சட்டையும் சந்தனமுமாக வந்து, சீட்டில் ஒரு நம்பர் எழுதி நீட்டினார். மருமகன் நம்பர். படிவம் கிடிவம் இல்லாமல் சும்மா பார்த்துச் சொல்ல வேண்டுமாம். மேடம் முகம் மாறாமல் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து வைத்து, “தாராளமா சார். ‘என் மருமகன் யாரோட பேசுறான்னு எனக்குத் தெரியணும்’னு எழுதி, கீழ கையெழுத்து, பக்கத்துல உங்க போன் நம்பர். ரெண்டு பேர் விவரத்தையும் சேர்த்தே கேட்டுருவோம்” என்றார். பெரிய மனிதர் தாளையும் மேடத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, சீட்டைத் திரும்ப மடித்து எடுத்துக்கொண்டு போனார். நான் சிரிப்பை அடக்க பீரோவுக்குள் தலையை விட்டுக்கொண்டேன்.

இப்படிப்பட்டவரிடம் எட்டு வருஷம் வேலை பார்த்தும் நான் ஒரு தப்புப் பண்ணினேன்.

மகள் பிரசவத்துக்காக மேடம் விடுப்பில் போயிருந்த நேரம். எல்லைப் பக்கத்து ஸ்டேஷனிலிருந்து ஒரு படிவம் வந்தது. ஜவளகிரி தாண்டிக் காட்டோரம் ஒரு கிராமம். பெயரைச் சொல்ல மாட்டேன். அவர்களைப் பற்றி நான் ஏற்கெனவே அறிக்கையில் எழுதியதே போதும். அங்கே ஒரு நிலக்காரர் குடும்பத்தோடு கல்யாணத்துக்குப் போயிருந்த ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகலில் பீரோவை உடைத்து நகையை எடுத்திருக்கிறார்கள். சந்தேகம் மாதேஷ் என்கிற பையன் மேல். ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் காண்டிராக்ட் வேலை, ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஊர். அதற்கு முந்தின வாரம்தான் அந்த வீட்டில் ஒயரிங் பார்த்திருக்கிறான். அதுதான் சந்தேகம்.

படிவத்தில் ஆறு மாதம் என்று இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். சிவப்புப் பென்சில் மேடத்தின் மேசையில்தான் கிடந்தது. நான் எடுக்கவில்லை. திருப்பி அனுப்பினால் ஸ்டேஷன்காரர் போனில் கத்துவார், நான் விளக்கம் சொல்ல வேண்டும், அன்று எனக்குப் பல்வலி. பொறுப்பில் இருந்தவர் கையெழுத்துப் போட்டார், பட்டியல் வந்தது, அப்படியே ஸ்டேஷனுக்கு அனுப்பினேன்.

பட்டியலைச் சுருக்கி எழுதியதும் நான்தான். திருட்டு நடந்த நேரத்தில் மாதேஷ் போன் முதலில் நம் பக்கத்து டவரில் இருந்தது, பிறகு கர்நாடக டவர், மறுபடி நம் டவர், மறுபடி கர்நாடகா என்று மூன்று தரம் மாறி மாறி வந்தது. “எதிரி சம்பவ நேரத்தில் மூன்று முறை கர்நாடக மாநிலம் சென்று திரும்பியுள்ளார்” என்று எழுதினேன். நகையைக் கைமாற்றத்தான் போனான் என்று ஸ்டேஷன் முடிவு கட்டியது. பையனோ “நான் வூட்லதான் இருந்தேன்” என்பதைத் தவிர வாயைத் திறக்கவில்லை. பொய் சொல்கிறான் என்பதற்கு என் காகிதமே சாட்சி. ரிமாண்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

பதினோராம் நாள் மேடம் திரும்பி வந்தார். பேத்தி பிறந்த இனிப்பை எனக்குக் கொடுத்துவிட்டு, ஜன்னலோரம் நின்று என் அறிக்கையைப் படித்தார். இனிப்பு என் வாயில் இருக்கும்போதே ஆரம்பித்தது.

“இந்த ஊருக்கும் அந்த டவருக்கும் நடுவுல என்ன இருக்கு?”

“காடு மேடம்.”

“ரோட்டுல சுத்திப் போனா?”

“ஒரு மணி நேரம் ஆகும் மேடம்.”

“உங்க ஆள் எட்டு நிமிஷத்துல போயிட்டு வந்திருக்கானே. இவன ஜெயில்ல வெச்சிருக்கிறது தப்புய்யா. ஒலிம்பிக்குக்கு அனுப்பணும்.”

பல்வலி திரும்பவும் வந்தது போலிருந்தது. நேரம் என் கண் முன்னால்தான் இருந்தது. நான் டவரைப் பார்த்தேன், கடிகாரத்தைப் பார்க்கவில்லை. “நீங்க அந்த ஊருக்குப் போயிருக்கீங்களா?” என்றார். இல்லை என்றேன். “போங்க” என்றார். அவ்வளவுதான். மேடம் கத்தவே மாட்டார். கத்தியிருந்தால் தேவலை.

மறுநாள் காலையில் கெலமங்கலம் வழியாகப் பஸ் மாறி மாறிப் போய்ச் சேர்ந்தேன். ஊருக்குள் இறங்கியதும் என் போனில் ஒரு புள்ளிகூட சிக்னல் இல்லை. ஊர்க் கோடியில் ஒரு பெரிய பாறை. அதன் அடியில் ரத்னம்மா என்கிற பெண்மணி பெட்டிக்கடை வைத்திருந்தார். புகையிலை, பிஸ்கட், ரீசார்ஜ்.

“போன் பேசணும்னா எங்கம்மா போறது?”

“பண்டே மேல ஏறு சார்” என்று பாறையைக் காட்டினார். பண்டே என்றால் அங்கே பாறை. “வலப்பக்கம் குந்துனா தமிழ்நாடு. எடப்பக்கம் நகந்தா கர்நாடகா. கரெண்டு ஆபீசுக்குப் பேசறவங்க வலப்பக்கம் குந்துவாங்க. பெங்களூர்ல புள்ளைங்க இருக்கறவங்க எடப்பக்கம்.”

ஏறப் போனேன். “இரு சார், மேல ஆள் கீது” என்று தடுத்தார். மேலே ஓர் அம்மாள் முதுகைக் காட்டிக்கொண்டு பேசிக்கொண்டிருந்தார். கீழே புளியமரத்தடியில் இரண்டு பேர் காத்திருந்தார்கள். மேலே இருப்பவர் இறங்கினால்தான் அடுத்தவர் ஏறுவாராம். காத்திருப்பவர் காது கேட்கும் தூரத்துக்கு வர மாட்டாராம். இறங்கி வருபவரிடம் யாரிடம் பேசினாய் என்று கேட்க மாட்டாராம். இதை யாரும் எழுதி வைக்கவில்லை. தீர்மானம் போட்டுக் கையெழுத்தும் வாங்கவில்லை. சின்ன ஊர், ஒரே பாறை. இப்படி இல்லையென்றால் தினம் ஒரு அடிதடி நடக்கும் என்றார் ரத்னம்மா.

என் முறை வந்தது. கையில் வேர்க்கடலைப் பொட்டலம். வலப்பக்கம் உட்கார்ந்து நான்கு கடலை தின்றேன், நம் டவர். இடப்பக்கம் நகர்ந்து நான்கு கடலை தின்றேன், போன் கிணுங்கி கர்நாடகாவுக்கு வரவேற்றது. பொட்டலம் காலியாவதற்குள் ஐந்து முறை மாநிலம் போய் வந்துவிட்டேன். உட்கார்ந்த இடம் சூடாகக்கூட இல்லை.

இறங்கி வந்து ரத்னம்மாவிடம் கேட்டேன். “திருட்டு நடந்த அன்னிக்கு மாதேஷ் பண்டே மேல இருந்தானா?”

“இருந்தான் சார். ஞாயித்துக்கெழம தப்பாம ஏறுவான்.”

“இத ஸ்டேஷன்ல ஏம்மா சொல்லல?”

“அவுங்க அதக் கேக்கல சார். மாதேஷு யாராண்ட பேசுவான்னு கேட்டாங்க. அத நாங்க சொல்ல மாட்டோம். பண்டே மேல இருந்தானான்னு நீதான் மொதல்ல கேக்கற.”

இரண்டு நாள் கழித்து மேடமே வந்தார். ஸ்டேஷன் இன்ஸ்பெக்டரையும் வரச் சொல்லியிருந்தார். அவர் கறுப்புக் கண்ணாடியோடு ஜீப்பில் வந்து, பாறை ஏற மூச்சு வாங்கினார். “ஐயா, இந்தப் பக்கம் காத்து நல்லா வருது” என்று பணிவாக இடப்பக்கம் இடம் காட்டினேன். உட்கார்ந்தார். போன் கிணுங்கியது.

“என்ன மெசேஜ் சார்?” என்றார் மேடம்.

அவர் படித்துவிட்டு மெல்ல, “கர்நாடகாவுக்கு வரவேற்கிறோம்னு…” என்றார்.

“மாநிலம் தாண்ட எஸ்.பி. கிட்ட பர்மிஷன் வாங்கினீங்களா?”

நான் வானத்தைப் பார்த்துக்கொண்டேன். வாழ்க்கையில் அவ்வளவு உன்னிப்பாக வானத்தை நான் பார்த்ததில்லை.

திருத்திய அறிக்கை நீதிமன்றத்துக்குப் போய், மாதேஷ் பதினேழாம் நாள் வெளியே வந்தான். பிறகு வழக்கிலிருந்தும் பெயர் நீங்கியது. உண்மையான திருடன் இரண்டு மாதம் கழித்து வேறொரு வீட்டில் கையும் களவுமாகச் சிக்கினான். அன்றைக்குத் தன் போனை வீட்டில் சார்ஜில் போட்டுவிட்டுத் திருடப் போயிருந்தானாம். எங்கள் பட்டியல்படி அந்த ஊரில் அவனைப் போல் வீடடங்கிய ஆள் வேறு யாரும் இல்லை.

இத்தோடு முடிந்திருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். வெளியே வந்த நான்காம் நாள் மாதேஷ் எங்கள் அலுவலகத்துக்கு வந்தான். தொழிற்சாலையில் கேட் பாஸைப் பிடுங்கிவிட்டார்கள். அதைப் பற்றிப் பேச வரவில்லை.

அவனுக்கு மஞ்சுளா என்று ஓர் அக்கா. நான்கு வருஷத்துக்கு முன் வீட்டை எதிர்த்து, பிடித்தவனைக் கட்டிக்கொண்டு எல்லை தாண்டிப் போனவள். அப்பா அவள் பெயரை எடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். சித்தப்பா கையில் கிடைத்தால் வெட்டுவேன் என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். அவள் இருக்கும் இடம் அந்த ஊரில் மாதேஷுக்கு மட்டும்தான் தெரியும். ஞாயிற்றுக்கிழமை அவன் பண்டே ஏறியது அவளோடு பேச. பாறை மேல் இருந்தேன் என்று சொன்னால் யாரோடு என்று கேட்பார்களே என்றுதான், வீட்டில் இருந்தேன் என்று சொல்லிச் சிறைக்குப் போனான்.

ஆனால் ஆறு மாதப் பட்டியல் ஸ்டேஷனில் இருந்தது. ஞாயிறுதோறும் ஒரே கர்நாடக நம்பர். கூட்டாளி நம்பர் என்று நினைத்த இன்ஸ்பெக்டர், ரிமாண்டுக்கு முன்பே, மாதேஷையும் அவன் அப்பாவையும் எதிரே நிற்க வைத்து, அந்த நம்பரை ஸ்பீக்கரில் போட்டார்.

“‘ஹலோ, யாரு?’ன்னுச்சு சார் அக்கா. அவ்ளோதான். எங்கப்பா அந்தக் கொரல நாலு வருஷம் கழிச்சுக் கேட்டாரு. நேரா வெளிய போய்ட்டாரு. மூணாம் நாளு சித்தப்பா அந்த நம்பர வெச்சு அட்ரஸ் கண்டுபுடிச்சு, ஆளுங்கள கூட்டிக்கினு அக்கா வூட்டத் தேடிப் போய்ட்டாரு.”

கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டேன், “அக்கா?”

“வூடு பூட்டிக் கெடந்துச்சாம். முன்னாடியே காலி பண்ணிட்டாங்க. அந்த நம்பரும் செத்துப் போச்சு. அக்கா எங்க கீதுன்னு எனக்கே தெரியாது சார் இப்ப.” பிறகு கொஞ்சம் தயங்கி, “நீங்க எல்லா நம்பரும் கண்டுபுடிப்பீங்களே. அக்கா பேர்ல புது நம்பரு எதுனா வாங்கியிருக்குதான்னு பாத்துச் சொல்லுங்க சார்” என்றான்.

அதைக் கேட்டு வாங்க முடியுமா? குறுக்கு வழியில் முடியும். ஒரு வழக்குப் படிவத்தோடு ஒட்டி அனுப்பினால் யாருக்கும் தெரியாது. மேடத்தைப் பார்த்தேன். அவர் ஜன்னலோரம் நின்றுகொண்டிருந்தார். எப்போதும் கேட்கும் “இந்த ஆள் யாரு?” என்ற கேள்வியை அன்று கேட்கவில்லை. யார் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். தேடப்படக் கூடாது என்று வீட்டைக் காலி செய்துவிட்டுப் போன ஆள்.

“முடியாதுப்பா. வழக்கு இல்லாம எடுக்கக் கூடாது” என்றேன்.

மாதேஷ் கோபப்படவில்லை. “நாங்க கேக்காதப்ப ஆறு மாசத்துக்கு எடுத்துக் குடுத்தீங்க. கேக்கறப்ப சட்டம் சொல்றீங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு, மேடத்துக்கு வணக்கம் வைத்துப் போனான்.

அன்று சாயங்காலம் மேடம் தன் சிவப்புப் பென்சிலை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். எனக்கு வெட்கமாக இருந்தது. ஓய்வு பெற்ற அன்று அந்தப் பென்சிலை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டத்துக்கும் அதைக் கொண்டு போனேன். ராஜசேகரின் தீர்மானத்தில் எட்டு கேமராவை அடித்து ஒன்று என்று போட்டேன். அதுவும் தெருமுனையில், ரோட்டைப் பார்த்து. ஆப் கிடையாது. பதிவு ஏழு நாள் மட்டும். பார்க்க விரும்புகிறவர் பெயர், நாள், காரணம் எழுதிப் படிவம் கொடுக்க வேண்டும். காரசாரமாகச் சத்தம் போட்டார்கள். “எல்லாரும் பாக்கலாம்னா, எங்க வூட்டு வாசலையும் எல்லாரும் பாப்பாங்கதானே?” என்று ராஜசேகரின் மனைவி கேட்டதும் சத்தம் அடங்கியது. இருபத்திரண்டு வீடும் கையெழுத்துப் போட்டது, என் வீடு உட்பட.

கேமரா மாட்ட ஆள் நானே சொன்னேன். கெலமங்கலத்தில் எலக்ட்ரிகல் கடை வைத்திருக்கும் மாதேஷ். அவன் கடை திறந்த நாளிலிருந்து என் வீட்டு பல்பு முதல் மோட்டார் வரை அவன்தான் பார்க்கிறான். பழைய கதையை அவன் எடுப்பதில்லை, நானும் எடுப்பதில்லை. ஒன்று மட்டும் தெரியும்: ஊருக்குப் பக்கத்தில் டவர் வந்த பிறகும் ஞாயிற்றுக்கிழமை பண்டே ஏறுவதையும், அதே பழைய நம்பரை வைத்துக்கொள்வதையும் அவன் விடவில்லை.

நேற்றுக் காலை ஏணி மேல் நின்று திருகாணி முடுக்கிக்கொண்டிருந்தான். நான் கீழே ஏணியைப் பிடித்திருந்தேன். அவன் போன் அடித்தது. திரையைப் பார்த்தவன் என்னைக் குனிந்து பார்த்தான். முகம் என்னவோ போல இருந்தது.

“போன வாரம் பண்டே மேல நிக்கறப்ப மொதல்ல வந்துச்சு சார்” என்றான். “அக்கா. நம்பரு பாக்கறீங்களா?”

“வேணாம். எங்கிட்டக் காட்டாத.”

ஏணியை விடாமல் முதுகைத் திருப்பிக்கொண்டேன். மேலே பேச்சு நடந்தது. நான் எதிர்வீட்டு மாடியில் காயும் துணிகளை ஒன்றுவிடாமல் எண்ணினேன். கண் கலங்கியதால் எண்ணிக்கை இரண்டு தரம் தவறியது.

ராஜசேகர் வந்து நின்றார். “யாருங்க போன்ல? வேலைய உட்டுட்டு இவ்ளோ நேரம் பேசறான்?”

“தெரியாதுங்க” என்றேன். “படிவம் எழுதிக் குடுங்க. காரணம் மறக்காம எழுதுங்க.”